ஒரு சொல் ஒட்டப் போகிறேன்

ஐயா, அந்தப் பையைத் தயைகூர்ந்து மடிக்காதீர்கள். உள்ளே இருப்பது உடையக்கூடிய பொருள் அன்று, மடியக்கூடிய பொருள். மடிந்தால் சுருக்கம் விழும். சுருக்கம் விழுந்தால் ஒட்டாது. சற்றே நிமிர்த்தி, ஜன்னல் ஓரமாக. ஆம், அப்படித்தான். மிக்க நன்றி. இருக்கையில் பாதி எனக்குப் போதும். மீதியைத் தங்கள் வாழைக்கன்றுகள் எடுத்துக்கொள்ளட்டும்.

ஈரோடு வரைக்குமா? நானும் ஏறக்குறைய அதே இடம்தான். பாலத்தைத் தாண்டியதும் கருங்கல்பாளையத்தில் இறங்க வேண்டும். அங்கே ஒரு கல்யாண மண்டபம். கல்யாணத்துக்கா என்று கேட்க வாயெடுக்கிறீர்கள். கல்யாணத்துக்கு அன்று. மண்டப வாசலில் ஃபிளெக்ஸ் பலகை ஒன்று வைத்திருக்கிறார்கள். அதில் ஆங்கிலத்தில் ஒரு சொல் பிழை. அந்தச் சொல்லின் மீது சரியான சொல்லை ஒட்டிவிட்டு, அடுத்த பேருந்திலேயே சங்ககிரிக்குத் திரும்பிவிடுவேன். பைக்குள் இருப்பது அந்த ஒரு சொல்தான். ஸ்டிக்கராக அடித்து வாங்கியிருக்கிறேன். எழுத்தின் நிறம்கூடப் பலகையில் உள்ள அதே சிவப்பு.

யாருடைய கல்யாணம் என்றா கேட்டீர்கள்? கேட்பது நியாயம். என் மகளுடையது.

அப்படிப் பார்க்காதீர்கள், ஐயா. முழுவதையும் கேட்டுவிட்டுப் பாருங்கள். பேருந்து வெப்படையைத் தாண்டுவதற்குள் சுருங்கச் சொல்லிவிடுகிறேன்.

என் பெயர் தீர்த்தகிரி. சங்ககிரி லாரி புக்கிங் ஆபீஸ் ஒன்றில் குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்றவன். பள்ளியில் நான் படித்தது எட்டாம் வகுப்பு. ஆங்கிலம் படித்தது பள்ளியில் அன்று, மூட்டைகளுக்கு நடுவில். கல்கத்தாவிலிருந்து வந்த பீங்கான் பெட்டி ஒன்றில், தட்டுகளுக்கு இடையே திணிப்பதற்காக ஒரு புத்தகத்தைக் கிழித்து வைத்திருந்தார்கள். ஆங்கில இலக்கணப் புத்தகம். அட்டை இல்லை. ஆசிரியர் பெயர் இல்லை. முன்பாதியும் இல்லை. கிடைத்த முதற்பக்கமே 'ஹூ' என்ற சொல்லைப் பற்றிய அத்தியாயத்தின் தொடக்கம். கடைசியில் 'விதிவிலக்குகள்' என்று தலைப்பு மட்டும் இருந்தது. அதன் கீழே இருந்ததையெல்லாம் கரையான் தின்றிருந்தது. ஆகவே விதிவிலக்குகள் என்ற தொல்லை என்னை அணுகவேயில்லை. மற்றவர்கள் ஆங்கிலத்தை 'ஏ, பி, சி' என்று தொடங்குகிறார்கள். நான் நேரே 'ஹூ' என்பதில் தொடங்கினேன். ஊரில் அப்படித் தொடங்கியவன் நான் ஒருவனே என்பதை அடக்கத்துடன் தெரிவித்துக்கொள்கிறேன்.

நிற்க. 'ஹூ' என்பது என்ன? நீங்கள் சிரிக்கிறீர்கள். சிரிக்கும் விஷயமன்று. நம் தமிழில் 'கேட்கிற' என்று ஒரு சொல் இருக்கிறது. கேட்கிற மனிதன் என்றாலும் 'கேட்கிற'தான். கேட்கிற மனிதர்கள் என்றாலும் 'கேட்கிற'தான். ஒருவனுக்கும் அதுவே, ஊருக்கும் அதுவே. நம் முன்னோர் பெருந்தன்மையாக விட்டுவிட்டார்கள். வெள்ளைக்காரன் விடவில்லை. அவனுக்கு அந்த இடத்திலும் கணக்கு வேண்டும். கேட்பவன் ஒருவனா, பலரா? ஒருவனென்றால் 'லிசன்ஸ்'. பலரென்றால் 'லிசன்'. ஆனால் ஆளுக்கும் வினைக்கும் நடுவில் நிற்கிற 'ஹூ' என்ற சொல்லைப் பார்த்தால் ஒன்றும் தெரியாது. அதற்குச் சொந்தமாக ஒருமையும் இல்லை, பன்மையும் இல்லை. தனக்கு முன்னால் நிற்பவர் யார் என்று திரும்பிப் பார்த்து, பின்னால் வரும் வினைச்சொல்லிடம் சொல்லிவிடும். அவ்வளவே அதன் உத்தியோகம்.

இதில்தான் படித்தவர்கள் சறுக்குகிறார்கள். 'இன்னின்ன ஆண்களுள் இவர் ஒருவர்' என்று ஆங்கிலத்தில் எழுதும்போது, வாக்கியத்தின் தொடக்கத்தில் 'ஒன்' என்று ஒரு சொல் வந்து உட்கார்ந்துவிடும். அதைப் பார்த்து மயங்கி, வினையையும் ஒருமையாக்கிவிடுவார்கள். தவறு. 'ஹூ'வுக்கு நேர்முன்னால் நிற்பவர்கள் ஆண்கள். பலர். ஆகவே வினை பன்மை. எத்தனை எம்.ஏ.க்கள் இதில் என்னிடம் தோற்றிருக்கிறார்கள் தெரியுமா? எங்கள் முதலாளியின் ஆடிட்டர் தோற்றிருக்கிறார். ஒரு தாசில்தார், பெயர் வேண்டாம், தோற்றபின் என்னைக் கண்டால் எதிர்ச்சாரிக்குப் போய்விடுவார்.

டிக்கெட்டா? நான் எடுத்துவிட்டேன், நடத்துநரே. இவரிடம் கேளுங்கள்.

என் மகள் மேகலா. ஈரோட்டில் ஒரு கண் மருத்துவமனையில் வேலை. சுவரில் எழுத்துகளைக் காட்டி, எது தெரிகிறது, எது தெரியவில்லை என்று கேட்டுக் கண்ணாடிக்கு அளவு சொல்கிறாள். ஆங்கிலம் என்னிடமே கற்றாள். நல்ல கூர்மை. ஒன்று சொல்கிறேன், கேளுங்கள். நான் செய்தித்தாளில் ஆழ்ந்துவிட்டால் யார் அழைத்தாலும் காதில் விழாது. என் மனைவி பாவாயி காப்பியை வைத்துவிட்டு, "ஏனுங்க, ஆறுதுங்க, ஏனுங்க" என்று எத்தனை முறை சொன்னாலும் விழாது. அது செவியின் குறை அன்று, சிந்தனையின் ஆழம். குழந்தை 'அப்பா, அப்பா' என்று சட்டையைப் பிடித்து இழுப்பாள். அதுவும் எனக்குத் தெரியாதாம். ஆனால் அந்தக் குழந்தை ஒரு வழி கண்டுபிடித்தாள். பக்கத்தில் வந்து நின்று, ஆங்கிலத்தில் ஒரு வாக்கியத்தை வேண்டுமென்றே பிழையாகச் சொல்வாள். சடக்கென்று என் தலை நிமிரும்! அவள் கைகொட்டிச் சிரிப்பாள். என் செவி எவ்வளவு நுட்பமானது என்பதற்காக இதைச் சொல்கிறேன்.

நிற்க. பெண்ணுக்கு முப்பது ஆகிவிட்டது. வரன்கள் வந்தன. பெண் பார்க்க வருகிறவர்கள் என்ன செய்கிறார்கள்? பெண்ணை நடக்கச் சொல்கிறார்கள், பேசச் சொல்கிறார்கள், சமைப்பாளா என்கிறார்கள். பரீட்சை முழுவதும் நம் வீட்டுப் பெண்ணுக்கே. மாப்பிள்ளைக்கு ஒரு கேள்வியாவது வேண்டாமா? நான் வைத்தேன். வெற்றிலைத் தட்டில், பாக்குக்கு அருகில், ஒரு துண்டுச் சீட்டு. அதில் ஒரே வாக்கியம், நடுவில் ஒரு கோடு. 'ஹீ இஸ் ஒன் ஆஃப் தோஸ் மென் ஹூ', பிறகு கோடு, பிறகு 'டு தேர் வைவ்ஸ்'. மனைவி சொல்வதைக் கேட்கும் ஆண்களுள் இவர் ஒருவர் என்று பொருள். கோட்டில் 'லிசன்' என்று எழுத வேண்டுமா, 'லிசன்ஸ்' என்று எழுத வேண்டுமா? அவ்வளவுதான்.

வாக்கியத்தின் பொருளா? பொருள் எதுவாக இருந்தால் என்ன, ஐயா? வினையைக் கவனியுங்கள்.

அந்தச் சீட்டை முதன்முதலில் எழுதியபோது பாவாயிக்குத் தமிழில் படித்துக் காட்டினேன். "இதையா கேக்கப் போறீங்?" என்றாள். "ஆம், ஏன்?" என்றேன். "ஒண்ணுமில்லீங்க" என்று உள்ளே போய்விட்டாள். வெகுநேரம் அடுப்படியில் சிரிப்புச் சத்தம் கேட்டது. இலக்கணம் அறியாதவர்களுக்கு அது வேடிக்கையாகத்தான் இருக்கும்.

முதலில் வந்தவர் குமாரபாளையத்து வங்கி அதிகாரி. சீட்டைப் பார்த்துவிட்டு, "இதுக்குப் பதில் சொன்னாப் பொண்ணக் குடுப்பீங்ளா, இல்ல உங்க ஆபீஸ்ல வேலை குடுப்பீங்ளா?" என்று கேட்டார். அடுத்தவர் பெங்களூரில் கம்ப்யூட்டர் உத்தியோகம். கைபேசியை எடுத்துத் தட்டினார். கைபேசி, 'இரண்டும் வழக்கில் உள்ளன' என்று சொல்லிற்று. கைபேசிக்குப் பெண் கொடுக்க எனக்கு விருப்பமில்லை என்று எழுந்துவிட்டேன். இன்னொரு வீட்டார் சீட்டை வீட்டுக்கு எடுத்துப்போய் யோசித்துச் சொல்வதாகச் சொன்னார்கள். இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறார்கள்.

ஆனி மாதம் வந்தவர்தான் இந்த மோகனசுந்தரம். பள்ளிபாளையத்தில் விசைத்தறிக்கு உதிரிபாகம் விற்கிற கடை. பாலிடெக்னிக் படிப்பு. மரியாதையாகக் கட்டிலின் ஓரத்தில் அமர்ந்தார். நான் விதியின் வரலாற்றைச் சற்று விரிவாக விளக்கிக்கொண்டிருந்தேன். பாருங்கள், இவருக்குக் கவனம் நிற்கவேயில்லை. நடுவில், "மாமா, அத்தை என்னமோ கேக்கறாங்க" என்றார். நான் தொடர்ந்தேன். மறுபடியும், "மாமா, அத்தை உங்களத்தான் கூப்படறாங்க" என்றார். அப்புறம் தாமாகவே அடுப்படிப் பக்கம் திரும்பி, "சக்கரை கம்மியாப் போடுங்கத்தை, போதும்" என்று பதிலும் சொன்னார். இப்படிச் சிதறுகிற புத்தியில் இலக்கணம் எப்படித் தங்கும்?

சீட்டை நீட்டினேன். படித்தார். பேனாவைக் கேட்டு வாங்கினார். 'லிசன்ஸ்' என்று எழுதினார்!

"ஏன் ஒருமை?" என்று கேட்டேன்.

அவர் சொன்னார்: "மத்தவங்க கேக்கறாங்களா இல்லீங்ளான்னு எனக்குத் தெரியாதுங்க மாமா. அவங்களுக்கு நா எப்படிச் சொல்றது? நா கேப்பனுங்க. அதனால ஒருத்தனுக்கு மட்டும் போட்டுட்டேன்."

ஒரு விதி நூற்றாண்டுகளாக நிற்கிறது. இவர் 'எனக்குத் தெரியாது' என்று அதைத் தாண்டிப் போகிறார். உள்ளே மேகலா சிரித்துவிட்டாள். அவ்வளவு பெரிய பிழைக்கு என் மகள் சிரிக்காமல் எப்படி இருப்பாள்? 'சொல்லியனுப்புகிறோம்' என்று அனுப்பிவிட்டேன்.

வெப்படை வந்துவிட்டதா? கதை சற்று நீள்கிறது. பொறுத்தருள வேண்டும்.

ஆவணியில் வந்தார் பேராசிரியர் பூபதிராஜன். ஆங்கிலப் பேராசிரியர்! நாமக்கல் பக்கம் ஒரு கல்லூரி. சீட்டைக் கையில் வாங்கிய மறுகணமே 'லிசன்' என்று எழுதினார். எழுதியதோடு நிற்கவில்லை. ஏன் பன்மை என்று வாயாலும் விளக்கினார். விடையின் கீழே ஒரு கோடும் போட்டார். ஐயா, என் கண்கள் பனித்துவிட்டன. இத்தனை ஆண்டுகள் நான் தனியாகப் பேசிக்கொண்டிருந்த மொழியில் ஒருவர் எனக்குப் பதில் பேசுகிறார்!

நாங்கள் இருவரும் 'ஹூ'வின் வேற்றுமை வடிவமான 'ஹூம்' என்ற சொல்லுக்குப் போய்விட்டோம். அப்போது அவருடைய தாயார், வயதானவர், சர்க்கரை நோய் போலிருக்கிறது, "கண்ணு, தொண்ட காயுது, கொஞ்சந் தண்ணி கேளு" என்றார். பேராசிரியர் திரும்பாமலே, "அம்மா, பேசிட்டிருக்கோமில்ல? வாய மூடிட்டுச் சும்மா இரு" என்றார். சற்று உரத்த குரல்தான். ஒப்புக்கொள்கிறேன். ஆயினும் இலக்கண விவாதத்தின் நடுவில் குறுக்கிட்டால் எனக்கும் அப்படித்தான் வரும். பாவாயி சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து அந்த அம்மாளுக்குக் கொடுத்தாள். கொடுத்துவிட்டு உள்ளே போகவில்லை. கதவருகிலேயே நின்று பேராசிரியரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவருடைய புலமையை வியந்து நிற்கிறாள் என்று எண்ணினேன்.

அங்கேயே வாக்குக் கொடுத்துவிட்டேன். வெற்றிலை பாக்கு மாற்ற நாள் பார்க்கச் சொன்னேன்.

அவர்கள் கார் தெருமுனை திரும்பியதும் பாவாயி, "அந்தாளு வேண்டாமுங்க" என்றாள்.

"ஏன்?"

"பெத்தவளப் போயி வாய மூடுங்கறான்."

"விடை சரியாக எழுதினாரே!"

"எழுதுனான். எழுதுன காயிதத்த வெச்சுட்டா எம்புள்ள குடும்பம் பண்ணுவா? சபையில ஆத்தாளுக்கே இந்த மருவாதைன்னா, நாளைக்கி எம்புள்ளைக்கு என்ன மருவாதை? உங்களுக்குக் காதுல விழுந்துச்சா இல்லீங்ளா?"

முப்பத்து நான்கு ஆண்டு இல்வாழ்வில் அவள் என்னை எதிர்த்துப் பேசியது அதுவே முதன்முறை. அவள் அப்படி இல்லை என்கிறாள். தினமும் பேசியதாகவும், எனக்கு விழுந்ததுதான் முதன்முறை என்றும் சாதிக்கிறாள்.

மேகலாவை அழைத்தேன். அவளுக்கு விதி தெரியும். நியாயத்தைச் சொல்வாள் என்று நம்பினேன். அவள் என்ன சொன்னாள் தெரியுமா? "ஆனி மாசம் வந்தாரே, தப்பா எழுதினவரு, அவர வேணா வரச் சொல்லுங்கப்பா. நீங்க வெச்ச பரிட்சைல அவரு பாஸ். விடை மட்டுந்தான் தப்பு."

ஐயா, இப்படியொரு வாக்கியத்தை எங்கேயாவது கேட்டதுண்டா? விடை தப்பென்றால் எப்படித் தேறுவது? இன்றுவரை எனக்கு விளங்கவில்லை. தங்களுக்கு விளங்குகிறதா? ஏன் தலையை ஆட்டுகிறீர்கள்? எந்தப் பக்கம் ஆட்டுகிறீர்கள் என்றும் தெரியவில்லை.

கொடுத்த வாக்கு இருக்கிறதே என்றேன். "நீங்க குடுத்தீங்க, நீங்களே திருப்பி வாங்கிக்குங்க" என்றாள் பாவாயி. அதன் பிறகு அவள் என்னுடன் பேசவில்லை. முதல் நான்கு நாட்கள் நான் அதைக் கவனிக்கவில்லை என்பதையும் ஒரு குற்றமாகச் சேர்த்துக்கொண்டாள். பாவாயியின் தம்பி அங்கமுத்து வந்தான். லேத் பட்டறை வைத்திருக்கிறான். ஆங்கிலத்தில் கையெழுத்துகூடப் போடமாட்டான். "மச்சான், நீங்க உங்க 'ஹூ'வக் கட்டிட்டு இருங்க. புள்ள கல்யாணத்த நாம் பாத்துக்கறேன்" என்று சொல்லிவிட்டுப் பள்ளிபாளையம் போனான். பேசி முடித்துவிட்டான். மண்டபம் பிடித்தான். பந்தி, மேளம், மங்கல வாழ்த்துப் பாட ஆள், எல்லாம் அவனே.

நான் ஒன்று சொன்னேன். எழுதிவைத்து மனப்பாடம் செய்து சொன்னேன்: 'விதியை மதியாத ஒருவர் கையில் என் மகளைத் தாரை வார்க்க என் கை நீளாது.' நல்ல வாக்கியம். எதிரொலிக்கும் என்று எதிர்பார்த்தேன். அங்கமுத்து, "சரிங்க மச்சான், அப்ப நா வாத்துக்கறேன்" என்றான். அவ்வளவுதான். வாக்கியம் அப்படியே தரையில் விழுந்தது.

தாரை வார்ப்பது என்பது தங்களுக்குத் தெரியாததன்று. பெண்ணின் கையை மாப்பிள்ளை கையில் வைத்துப் பெற்றவன் தண்ணீர் வார்க்க வேண்டும். இருக்கிறது ஒரே மகள். ஆகவே எனக்கு வாழ்நாளில் வார்க்கக் கிடைப்பது ஒரே ஒரு சொம்புத் தண்ணீர். அதை லேத் பட்டறைக்காரன் வார்ப்பான்.

இல்லை, இல்லை. வருத்தம் ஏதுமில்லை. கண்ணில் தூசி. இந்த ஜன்னல் மூடுவதில்லை.

நேற்று மாலை வேன் வந்தது. எல்லாரும் ஏறினார்கள். பாவாயி மட்டும் இறங்கி வந்து, நான் இருந்த நாற்காலி அருகில் நின்று, பல நாளைக்குப் பின் வாய் திறந்தாள். "காலைல ஒம்போதரைக்கு மேல பத்தரைக்குள்ள முகூர்த்தம். வாரதுன்னா வாங்க. வந்தா மாப்பிள்ளைகிட்ட இங்கிலீசு பேசக்கூடாது. வராட்டி என்ற தம்பி வாத்துக்குவான். புள்ள கேட்டா என்னன்னு சொல்லட்டும்?"

நான் அதற்கும் அழகாக ஒரு விடை சொன்னேன். 'கேட்கிற பிள்ளைக்குப் பதில் சொல்லலாம், மீறுகிற பிள்ளைக்கு' என்று தொடங்கியது அது. முடிப்பதற்குள் வேன் புறப்பட்டுவிட்டது. மேகலா கண்ணாடி வழியாகப் பார்த்துக்கொண்டே போனாள். எதைப் பார்த்தாள் என்று தெரியவில்லை. நான் செய்தித்தாளை விரித்துவிட்டேன்.

சற்று நேரத்தில் கைபேசிக்கு ஒரு படம் வந்தது. மேகலா அனுப்பியிருந்தாள். மண்டப வாசலில் மஞ்சள் ஃபிளெக்ஸ். மேலே பிள்ளையார். நடுவில் இருவர் பெயர். மேகலாவின் பெயருக்குக் கீழே என் பெயர், முழுமையாக, பிழையின்றி. அடியில் ஆங்கிலத்தில் பெரிய எழுத்தில் ஒரு வரி: 'வெல்கம் டு ஆல் ஹூ ஹாஸ் கம் டு பிளெஸ் அஸ்.' எங்களை வாழ்த்த வந்திருக்கும் அனைவரையும் வரவேற்கிறோம்.

'ஹாஸ்'! 'ஆல் ஹூ' என்று பலரை அழைத்துவிட்டு, ஒருமையில் 'ஹாஸ்'! என் பெயருக்கு நேர் கீழே! கூட்டம் முழுவதும் படிக்கும். அந்தத் தாசில்தாருக்கும் பத்திரிகை போயிருக்கிறது. அவர் என்ன நினைப்பார்? நேற்று இரவு நான் உண்ணவில்லை. உறங்கவும் இல்லை. விடிந்ததும் ஸ்டிக்கர் கடைக்காரர் வீட்டுக் கதவைத் தட்டினேன். "ஒத்த வார்த்தைக்கு மிஷின ஓட்டச் சொல்றீங்ளே பெரியவரே" என்று சலித்துக்கொண்டார். 'ஹேவ்' என்று அடித்துக் கொடுத்தார். அதுதான் அந்தப் பையில் இருக்கிறது. ஒட்டுவேன். கையால் நன்றாக நீவிவிடுவேன். உள்ளே எட்டியும் பாராமல் திரும்பிவிடுவேன்.

என்ன கேட்டீர்கள்? யார் எழுதினது என்றா?

நானும் அதைத்தான் கேட்டேன். இந்த ஆபாசத்தை எழுதிய மேதை யார் என்று நேற்றே செய்தி அனுப்பினேன். அங்கமுத்து என்று வரும், அல்லது அந்த உதிரிபாகக் கடை என்று வரும் என்று நினைத்தேன். உடனே பதில் வந்தது. 'நான்தாம்ப்பா எழுதினேன்.'

பார்த்தீர்களா? கல்யாணம் பேசி இரண்டு மாதம்கூட ஆகவில்லை. அதற்குள் சகவாசம் என்ன செய்துவிட்டது பாருங்கள்! ஒன்றாம் வகுப்பிலிருந்து அந்த விதியில் தவறாதவள். தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சரியாகச் சொல்வாள். தன் கல்யாணப் பலகையில், தகப்பன் பெயருக்குக் கீழே, பிழை விட்டிருக்கிறாள். விட்டுவிட்டுப் படமெடுத்து எனக்கே அனுப்பியும் வைக்கிறாள்!

ஏன் சிரிக்கிறீர்கள்?

தெரியாமல் எழுதியிருக்க மாட்டாள் என்கிறீர்களா? பின்னே தெரிந்தா எழுதுவாள்? அவ்வளவு தெரிந்த பெண், அத்தனை பேர் பார்க்கும் இடத்தில், தெரிந்தே ஒரு பிழையை எழுதி வைக்க அவளுக்கு என்ன தேவை? அவள் குழந்தையாக இருந்தபோது செய்வாள், அது வேறு. நான் தலை நிமிர வேண்டும் என்பதற்காக. எத்தனை முறை 'அப்பா' என்று கூப்பிட்டும் நான்...

...

ஐயா, பேருந்து ஏன் நின்றுவிட்டது?

பள்ளிபாளையம்தானே இது? பாலத்தில் ஏற வேண்டியதுதானே? நடத்துநரே, ஏன் நிற்கிறது? லாரி குறுக்கே நின்றுவிட்டதா? எப்போது விலகும்? 'அது லாரிக்குத்தான் தெரியும்' என்றால் என்ன பதில் அது?

மணி என்ன, ஐயா? தங்கள் கைக்கடிகாரத்தைக் காட்டுங்கள். பத்தா? பத்தாகிவிட்டதா? முகூர்த்தம் பத்தரைக்குள். அங்கமுத்து அவசரக்காரன். எதையும் முன்கூட்டியே செய்து முடிப்பவன். இந்நேரம் சொம்பைக் கையில் எடுத்திருப்பான்.

நடத்துநரே, இங்கிருந்து கருங்கல்பாளையம் நடந்து போகலாமா? என்ன? "எறங்கி நடந்தீங்கன்னா எங்களுக்கு முன்னால போயிருவீங் பெருசு" என்கிறார். கேட்டீர்களா? அப்படியானால் இறங்குகிறேன். கால் வலிக்கும். வலிக்கட்டும். சற்று முழங்காலை ஒதுக்குங்கள். இந்த வாழைக்கன்று வேட்டியில் மாட்டிக்கொண்டது. மெதுவாக. கிழிந்தாலும் பரவாயில்லை, இழுங்கள்.

என்ன, பையை விட்டுவிட்டேன் என்கிறீர்களா?

இல்லீங்க, அது கெடக்கட்டும். நீங்களே வெச்சுக்குங்க. ஒட்டறதுக்கெல்லாம் இப்ப நேரமில்ல. எழுதுனது எழுதுனபடியே நிக்கட்டும், அவ எழுதுனது. கொஞ்சம் நவுருங்க சாமி, வழி விடுங்க, ஏனுங்க, அந்தக் கதவத் தொறந்து விடுங்க. என்ற புள்ள கூப்புட்டிருக்கா.